சிரிப்பு செய்த வேலை: வட அமெரிக்க மரவெட்டி முகாம்களில் கேலியும் கூட்டாளித்தனமும்

அமெரிக்காவின் மிச்சிகன், விஸ்கான்சின், மினசோட்டா மாநிலங்களில் வெண்பைன் காடுகள் வெட்டித் தீர்க்கப்பட்ட 19ஆம் நூற்றாண்டின் பிற்பாதியில், மரவெட்டி முகாம்களின் சாப்பாட்டுக் கூடத்தில் பேச்சுக்குத் தடை இருந்தது. உப்பைத் தள்ளு, ரொட்டியை நகர்த்து என்பதற்கு மேல் குரல் எழுந்தால் சமையற்காரர் அதட்டுவார். அந்தக் கூடத்துக்குள் அவர் வைத்ததுதான் சட்டம். ஒரு முகாமின் ஆட்கள் அத்தனை பேரும் சில நிமிடங்களில் சாப்பிட்டு முடித்து எழுந்துவிடுவார்கள். பேசினால் நேரம் போகும், பேச்சு வளர்ந்தால் கைகலப்பாகும் என்று இதற்குக் காரணம் சொல்லப்பட்டது. அதே ஆட்கள் இரவில் படுக்கைக் கூடத்துக்குத் திரும்பியதும், அடுக்குக் கட்டில்களின் காலடியில் நீளமாக ஓடும் பிளந்த மரத்தடிப் பெஞ்சில் வரிசையாக உட்கார்ந்து, அடுப்பைச் சுற்றி ஈரக் காலுறைகள் தொங்கிக்கொண்டிருக்க, விளக்கணையும்வரை ஒருவரை ஒருவர் விடாமல் கலாய்த்தார்கள். சனிக்கிழமை இரவென்றால் பிடில் வாசிப்பும் ஆட்டமும் சேர்ந்துகொள்ளும். பெண்கள் இல்லாததால் கையில் கைக்குட்டை கட்டிக்கொண்டவர் பெண்ணாகக் கணக்கு. சண்டை மூளும் என்று சாதாரணப் பேச்சையே தடுத்து வைத்த ஓர் இடத்தில், சண்டை மூட்ட எல்லா வாய்ப்பும் உள்ள கேலி மட்டும் எப்படி இவ்வளவு தாராளமாக நடந்தது?

பொழுது போக வேண்டாமா என்பது வழக்கமான விடை. நீண்ட பனிக்காலம், ஊரிலிருந்து வெகு தொலைவு, முகாமில் சாராயத்துக்குத் தடை, சிரித்தால்தான் உண்டு. இந்த விடையில் பொய்யில்லை, ஆனால் இது பாதி தூரம்கூடப் போகவில்லை. அலுப்பைப் போக்க மட்டும் எழுந்த கேலி என்றால் அது எல்லார் மீதும் ஏறக்குறையச் சமமாகப் பாய்ந்திருக்க வேண்டும். முகாம் கேலியின் பெரும்பகுதியோ புதிதாக வந்தவனையே குறிவைத்தது. அவன் எப்படி எதிர்வினை காட்டுகிறான் என்பதைக் கூட்டமே கவனித்தது. அவன் தேறியதும் அந்த வகைக் கேலி தளர்ந்து, அடுத்த புதியவன் மீது தாவியது. இப்படித் திசையும் முடிவும் உள்ள ஒரு நடத்தையை வெறும் கேளிக்கை என்று ஒதுக்கிவிட முடியாது. ஒருவர் கையில் மற்றவர் உயிரை ஒப்படைக்கும் முன், அந்தக் கை எப்படிப்பட்டது என்று அறிய முகாமுக்கு இருந்த மலிவான பரிசோதனை அது என்பதே இக்கட்டுரையின் வாதம்.

வேலையைப் பார்த்தால் இது விளங்கும். 1870களுக்குப் பிறகு கோடரியின் இடத்தை இருவர் இழுக்கும் நீள ரம்பம் பெருமளவு பிடித்துக்கொண்டது. ஒருவர் இழுக்கும்போது மற்றவர் தளர்த்த வேண்டும். தள்ளினால் தகடு வளையும், பிடியில் பாரம் போட்டுச் சாய்ந்தால் எதிரில் இருப்பவருக்கு இரட்டிப்பு வேலை. மரம் சாயத் தொடங்கும் நொடியில் இருவரும் ஒரே முடிவை எடுத்தாக வேண்டும். உச்சியில் சிக்கித் தொங்கும் காய்ந்த கிளைகளுக்கு அவர்கள் வைத்திருந்த பெயர் ‘விதவையாக்கி’. வெட்டிய தடிகளைக் குதிரைச் சறுக்குவண்டிகளில் ஏற்றி ஆற்றங்கரைக்குக் கொண்டுபோக, இரவோடு இரவாகப் பாதையில் தண்ணீர் தெளித்து உறைய வைத்தார்கள். அந்தப் பனிக்கட்டிப் பாதையின் இறக்கங்களில் வைக்கோலோ மணலோ தூவி வண்டியின் வேகத்தை மட்டுப்படுத்துவது, முகாமின் அடிமட்டக் கூலி வாங்கும் பாதைக்காரப் பையனின் பொறுப்பு. அவன் ஒரு சரிவை மறந்தால், பல டன் பாரம் முன்னே போகும் குதிரைகளையும் ஓட்டுநரையும் நசுக்கிவிடும். வசந்தத்தில் பனி உருகியதும் ஆற்றில் தடிகளை ஓட்டும் வேலை. அடைத்துக்கொண்ட தடிக்குவியலை விடுவிக்கும்போது செத்தவர்கள் பலர். இவ்வளவு நெருக்கமான சார்பில், ஆட்கள் ஒருவருக்கொருவர் பெரும்பாலும் அந்நியர்கள். பண்ணைகளில் அறுவடை முடித்து வந்தவர்கள், பிரெஞ்சுக் கனடியர்கள், ஸ்வீடன், நார்வே, பின்லாந்திலிருந்து குடியேறியவர்கள் என்று ஒவ்வோர் இலையுதிர்காலத்திலும் புதுக் கலவை. தேர்வோ சான்றிதழோ பயிற்சிப் பள்ளியோ கிடையாது.

இந்த இடத்தில்தான் கேலி வேலைக்கு வருகிறது. புதியவனை இல்லாத ஒரு கருவியைத் தேடிவர அனுப்புவது பரவலான விளையாட்டு: இடக்கைக்காரருக்கான தடிபுரட்டியை வாங்கிவா என்று ஒருவர் சொல்வார், அது அந்தக் கொட்டகையில் இருக்கிறது என்று இன்னொருவர் கைகாட்டுவார், அங்கே போனால் இப்போதுதான் யாரோ எடுத்துப் போனார்கள் என்பார் மூன்றாமவர். ரம்பத்தில் சாய்ந்து வேலை பார்ப்பவனிடம், நீ இதில் சவாரி செய்வதில் ஆட்சேபமில்லை, காலை மட்டும் தரையில் தேய்க்காமல் வா என்பது தலைமுறைகளாக வழங்கிவரும் நையாண்டி. இரண்டையும் சற்று உற்றுப் பார்க்கலாம். முதலாவது, சொன்னதைக் கேட்டு அப்படியே ஓடுகிறானா அல்லது எங்கோ நின்று யோசிக்கிறானா என்று காட்டிவிடும். ஏமாந்தது தெரிந்த பிறகு கோடரியை ஓங்குகிறானா, தானும் சிரிக்கிறானா என்பதையும் காட்டிவிடும். கோபக்காரனோடு ஒரே ரம்பத்தை இழுப்பது ஆபத்து என்பதை யாரும் விளக்கிச் சொல்லத் தேவையில்லை. இரண்டாவது, ஒரு தொழில்நுட்பத் திருத்தம். பாரம் போடாதே என்று நேரடியாகச் சொன்னால் அது மூத்தவர் இளையவர் மீது காட்டும் அதிகாரம், அல்லது சமமானவர் சமமானவர் மீது வைக்கும் குற்றச்சாட்டு. சிரிப்பில் பொதிந்து கொடுத்தால் வாங்கிக்கொள்பவரின் மானம் போகாது, செய்தியும் போய்ச் சேரும்.

இது மரவெட்டிகளுக்கு மட்டும் உரியதா என்றால் இல்லை, அதுவே இந்த விளக்கத்துக்கு வலு. சமூகவியலாளர் ஜாக் ஹாஸ், உயரமான கட்டடங்களின் எஃகுச் சட்டங்களில் நடந்து வேலை செய்யும் தொழிலாளர்களை ஆராய்ந்து 1977இல் ஒரு கட்டுரை வெளியிட்டார். அங்கே எல்லாருக்கும் பயம் உண்டு, எவரும் அதைக் காட்டுவதில்லை; மூத்தவர்கள் பயிற்சிக்காரர்களைத் தொடர்ந்து சீண்டுகிறார்கள்; சீண்டலில் நிதானம் இழப்பவன் உத்திரத்தின் மேலும் நிதானம் இழப்பான் என்று கொள்கிறார்கள். எதிர்ப்பக்கத்தில் டொனால்ட் ராய் 1959இல் எழுதிய புகழ்பெற்ற கட்டுரையை வைத்துப் பார்க்கலாம். ஒரு தொழிற்சாலையில் நாள் முழுக்க ஒரே எந்திரத்தை அழுத்திக்கொண்டிருக்கும் சிறு குழு, தினமும் ஒரே நேரத்தில் ஒருவரின் வாழைப்பழத்தைத் திருடித் தின்று, ஒரே வாக்குவாதத்தை நடத்தி, அலுப்பை வென்ற கதை அது. அங்கே கேலி கடிகாரம்போலச் சுற்றுகிறது. பலியாடும் மாறுவதில்லை, யாரும் எதிலும் தேறுவதுமில்லை. அலுப்பைப் போக்கும் கேலிக்கும் ஆபத்தைக் கையாளும் கேலிக்கும் அமைப்பிலேயே வேறுபாடு உண்டு என்பதற்கு இவ்விரு ஆய்வுகளையும் அடுத்தடுத்துப் படிப்பதே போதிய சான்று. முகாம் கேலி ஹாஸ் பக்கம் நிற்கிறது.

மானிடவியலாளர் ராட்கிளிஃப்-பிரவுன் 1940இல் வெளியிட்ட கேலி உறவுகள் பற்றிய கட்டுரை இன்னொரு கோணத்தைத் தருகிறது. ஒருவரை ஒருவர் சார்ந்தும், அதே சமயம் மோதிக்கொள்ளும் வாய்ப்போடும் இருக்கிற இருவருக்கிடையே இரண்டு வழிகள்தாம் உண்டு என்கிறார்: மிகுந்த மரியாதையோடு விலகி நிற்பது, அல்லது கோபப்படக் கூடாது என்ற உடன்பாட்டோடு அவமதித்துக்கொள்வது. நம் குடும்பங்களில் மாமனார் முன் மருமகன் குரலை உயர்த்தாததும், மச்சானும் மச்சானும் வாய்க்கு வந்தபடி வாரிக்கொள்வதும் இதே ஏற்பாட்டின் இரு முகங்கள்தாம். முகாமில் இரண்டு வழிகளும் ஒரே நாளில், ஒரே ஆட்களிடையே நடந்தன. பசியும் களைப்பும் உச்சத்தில் இருக்கும் சாப்பாட்டு மேசையில் விலகல். வயிறு நிறைந்து உடம்பு சூடேறிய பெஞ்சில் உரிமைக் கேலி. மௌன விதி கேலிக்கு எதிரானது போலத் தோன்றினாலும், கேலியை எங்கே வைப்பது என்று அது இடம் ஒதுக்கிக் கொடுத்தது என்றே நான் படிக்கிறேன்.

இந்தப் பெஞ்சில் மிகச் செழித்தது புளுகுக்கதை. பெர்னிஸ் ஸ்டூவர்ட், ஹோமர் வாட் இருவரும் 1916இல் விஸ்கான்சின் அகாதமி இதழில் பால் பன்யன் என்னும் பூதாகர மரவெட்டியைப் பற்றிய கதைகளைத் தொகுத்து வெளியிட்டார்கள். தானே நேரில் பார்த்ததாக, இடம் பெயர் சொல்லி, முகத்தில் ஒரு சுருக்கமும் இல்லாமல் சொல்வதுதான் அக்கதைகளின் இலக்கணம். அருகில் இருப்பவர்கள் சிரிக்காமல் ஆமோதிப்பார்கள், இல்லாத விவரத்தைத் திருத்துவார்கள். ஒரு பொய்யைப் பலர் ஒத்திகையில்லாமல் சேர்ந்து தாங்கிப் பிடிப்பது எளிதல்ல. ஒருவர் எங்கே விட்டார் என்று கூர்ந்து கேட்டு அங்கிருந்து எடுக்க வேண்டும். ரம்பத்தின் மறுபிடியில் இருப்பவரிடம் எதிர்பார்க்கப்பட்ட கவனமும் இதுவேதான்.

காட்டு விலங்குக் கதைகளில் இன்னும் நேரடியான சரக்கு உண்டு. மினசோட்டாவின் முதல் மாநில வன அதிகாரியான வில்லியம் டி. காக்ஸ் 1910இல் இந்தக் கற்பனை விலங்குகளை, லத்தீன் பெயர்களோடும் படங்களோடும், ஒரு விலங்கியல் நூலின் பாவனையில் புத்தகமாக்கினார். அதில் வரும் அக்ரோபெல்டர் பொந்து மரங்களில் ஒளிந்திருந்து, கீழே போகும் மரவெட்டிகள் மீது காய்ந்த கிளைகளை முறித்து எறியும். பிளவுப் பூனை என்பது மரங்களில் தலையால் மோதிச் சிராய் சிராயாகப் பிளந்துபோடும். புயலடித்த காட்டில் நிற்கும் முறிந்த மரங்களெல்லாம் அதன் வேலையாம். ஹென்றி டிரையன் 1939இல் வெளியிட்ட தொகுப்பில் வரும் மறைந்திருப்பான், நீ எத்தனை வேகமாகத் திரும்பினாலும் உன் முதுகுக்குப் பின்னாலேயே நிற்பான். மூன்றையும் கேட்ட புதியவன் மறுநாள் காட்டில் என்ன செய்வான்? பொந்து மரத்தை அண்ணாந்து பார்ப்பான், முறிந்து நிற்கும் மரத்தைச் சுற்றிப் போவான், அடிக்கடி திரும்பிப் பார்ப்பான். விதவையாக்கியிடமிருந்து தப்ப இதைவிட வேறு என்ன சொல்லித்தர முடியும்? எல்லாக் கதைக்கும் இப்படிப் பாதுகாப்புப் பொருள் தேடுவது அபத்தம். பிடிபட்டால் அழுது கரைந்து பைக்குள் வெறும் கண்ணீராகிவிடும் ஸ்குவாங்க் எந்த விபத்தையும் தடுக்காது. எழுத்தாளர் போர்ஹெஸ் தம் கற்பனை விலங்குத் தொகுப்பில் அதற்கு இடம் கொடுத்தது அதன் அழகுக்காக. ஆனாலும், கதைகளில் கணிசமானவை மேலே பார், பின்னே பார் என்றே பேசுவது தற்செயலாக இருக்க முடியாது.

இங்கே ஒரு வலுவான மறுப்பு உண்டு. பால் பன்யன் உண்மையான நாட்டார் வழக்கா, விளம்பரச் சரக்கா? ஜேம்ஸ் மெக்கிலிவ்ரே 1906இலும் 1910இலும் செய்தித்தாள்களில் எழுதியவை தொடக்ககால அச்சு வடிவங்களுள் அடங்கும். 1914 முதல் ரெட் ரிவர் மர நிறுவனத்துக்காக டபிள்யூ. பி. லாஹெட் எழுதி வரைந்த விளம்பரக் கையேடுகள்தாம் அந்தப் பாத்திரத்தை நாடெங்கும் கொண்டுபோயின. நாட்டாரியலாளர் ரிச்சர்ட் டார்சன் 1950இல் ‘போலி நாட்டாரியல்’ என்ற கருத்தை முன்வைத்தபோது அவர் குறிவைத்தவற்றுள் அச்சேறிய பன்யன் கதைகள் முதன்மையானவை. டார்சன் சொன்னது பெரும்பாலும் சரி. ஆனால் அந்த விமர்சனம் என் வாதத்தை உடைப்பதற்குப் பதில் கூர்மையாக்குகிறது. விளம்பரக் கையேட்டின் பன்யன் ஒரே நாளில் ஒரு மாநிலத்தையே மொட்டையடிக்கும் உற்பத்தி வீரன். கதைக்குள் ஏமாறுபவன் என்று யாரும் கிடையாது, வாசகர் ரசித்துவிட்டுப் பக்கத்தைத் திருப்பலாம். பெஞ்சுக் கதைக்கோ ஏமாறுபவன் எதிரிலேயே உட்கார்ந்திருக்க வேண்டும். அவனில்லாமல் கதை நிகழாது. அச்சில் தொலைந்துபோனது அந்தச் சோதனைதான். விஸ்கான்சினின் ரைன்லாண்டர் ஊரில் மர மதிப்பீட்டாளராக இருந்த யூஜின் ஷெப்பர்ட் இரண்டுக்கும் நடுவில் நிற்கிறார். ஹோடாக் என்ற முட்கொம்பு விலங்கைக் கொன்றதாக 1893இல் அறிவித்தார். 1896இல் உயிரோடு பிடித்ததாகச் சொல்லி, இருட்டுக் கூடாரத்தில் கம்பியால் அசைத்துக் கட்டணம் வசூலித்துக் காட்டினார். ஸ்மித்சோனியன் ஆய்வாளர்கள் பார்க்க வரப்போகிறார்கள் என்றதும் உண்மையை ஒப்புக்கொண்டார். முகாமின் உத்தி அப்படியே இருக்கிறது, சோதனையின் இடத்தில் டிக்கெட் வந்துவிட்டது. ஊர் அந்தப் பொய்யைத் தன் சின்னமாகவே வைத்துக்கொண்டது வேறு கதை.

இரண்டாவது மறுப்பு இன்னும் கனமானது. பேன் மொய்க்கும் படுக்கை, விடியுமுன் தொடங்கி இருட்டும்வரை வேலை, காயம்பட்டால் கேட்பாரில்லை. இதையெல்லாம் சகித்துக்கொள்ளச் சிரிப்பு உதவியது என்றால், அது முதலாளிக்குச் செய்த தொண்டல்லவா? சகிப்புக்கு உதவியது உண்மைதான். ஆனால் 1917ஆம் ஆண்டு வேறொன்றைக் காட்டுகிறது. பசிபிக் வடமேற்கில், உலகத் தொழில்துறைத் தொழிலாளர் சங்கம் முன்னின்ற பெரும் வேலைநிறுத்தம் எட்டு மணி நேர வேலையும் மனிதர் தங்கத்தக்க முகாம்களும் கேட்டது. கையில் காசு தீர்ந்ததும், அவ்வாண்டு இலையுதிர்காலத்தில் ஆட்கள் வேலைக்குத் திரும்பினார்கள், வேலைநிறுத்தத்தைக் கையோடு கொண்டுபோனார்கள். பல ஆண்டுக் கைப்பழக்கமுள்ளவர்கள் ரம்பத்தையே கண்டிராத பண்ணைப் பையன்களைப்போல நடித்தார்கள். சொன்னதை எழுத்துப் பிசகாமல் மட்டும் செய்தார்கள். எட்டு மணி நேரம் ஆனதும் ஊதலை ஊதிவிட்டு நடையைக் கட்டினார்கள். அப்பாவி முகத்தோடு, கூட்டமாக, ஒத்திகையில்லாமல் ஒரு பொய்யைத் தாங்கிப் பிடிக்கும் அந்தத் திறமை எந்தப் பெஞ்சில் பயிற்சி பெற்றது என்பது வெளிப்படை. இம்முறை புதியவன் வேடம் மூத்தவர்களுக்கு, ஏமாறும் வேடம் மேற்பார்வையாளருக்கு. போர் விமானங்களுக்கு ஸ்புரூஸ் மரம் தேவைப்பட்ட அரசு, கர்னல் பிரைஸ் டிஸ்க் தலைமையில் படைவீரர்களைக் காட்டுக்குள் அனுப்பியும், முதலாளிகளும் தொழிலாளர்களும் சேர்ந்த விசுவாச அமைப்பு ஒன்றை உருவாக்கியும் நிலைமையைச் சமாளித்தது. 1918 மார்ச் 1 முதல் எட்டு மணி நேர நாளும் நடைமுறைக்கு வந்தது. அதே ஆண்டு மே தினத்தில் தொழிலாளர்கள் தாங்கள் முதுகில் சுமந்து திரிந்த படுக்கைச் சுருட்டுகளைத் தீயிலிட்டு, இனிப் படுக்கையை நிறுவனமே தரட்டும் என்றார்கள். போருக்கான அவசரம் இல்லாமல் இதெல்லாம் கிடைத்திருக்காது என்று வரலாற்றாசிரியர் சொன்னால் மறுக்க முடியாது. சிரிப்பு எப்போதும் அடங்கிப்போகச் செய்யும் என்ற முடிவை மட்டும் இந்த நிகழ்ச்சி அனுமதிக்காது.

மூன்றாவது மறுப்புக்கு என்னிடம் முழுப் பதில் இல்லை, இருப்பதாகக் காட்டவும் கூடாது. சோதனை என்று நான் அழைப்பதைக் கொடுமை என்று அழைக்க எல்லா நியாயமும் உண்டு. தோற்றவன் சம்பளத்தை வாங்கிக்கொண்டு நடந்தே ஊர்போய்ச் சேர்ந்தான். அவன் பக்கக் கதையை யாரும் தொகுக்கவில்லை. நமக்குக் கிடைக்கும் சான்றுகள் பெரும்பாலும் தேறியவர்களின் நினைவுகள், அதுவும் முதுமையில் சொன்னவை. அவற்றில் குளிர் குறைந்து சிரிப்பு கூடியிருப்பது இயல்பு. பிரெஞ்சுக் கனடியரின், ஸ்காண்டிநேவியரின் உச்சரிப்பைப் பரிகசிக்கும் துணுக்குகள் முகாம்களில் ஏராளம். அவர்களாவது திருப்பிப் பரிகசிக்க முடிந்தது, ஏனெனில் அவர்களும் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார்கள். பெஞ்சிலேயே இடம் தரப்படாதவர்கள் கதை வேறு. 1907 செப்டம்பரில் வாஷிங்டன் மாநிலத்தின் பெல்லிங்ஹாமில், மர ஆலைகளில் வேலைபார்த்த இந்தியர்களை, பெரும்பாலும் பஞ்சாபிச் சீக்கியர்களை, வெள்ளையர் கும்பல் ஒன்று தங்குமிடங்களிலிருந்து இழுத்துப்போட்டு அடித்தது. சில நாட்களில் அவர்கள் அனைவரும் ஊரைவிட்டே போய்விட்டார்கள். ஆலை வேறு, காட்டு முகாம் வேறு என்று தப்பித்துக்கொள்ளலாம்தான், ஆனால் தொழிலும் ஆட்களும் ஒரே உலகைச் சேர்ந்தவர்கள். அங்கே கேலி, சோதனை, ஏற்பு என்ற வரிசையே தொடங்கவில்லை. கோபப்படக் கூடாது என்ற உடன்பாட்டுக்கு யாரோடு வரத் தயாராக இருந்தார்கள் என்பதிலேயே அந்தக் கூட்டாளித்தனத்தின் எல்லை வரையப்பட்டிருந்தது. கேலி நம்பிக்கையை வளர்த்தது என்ற என் வாதம் அந்த எல்லைக்கு உள்ளேதான் செல்லும்.

அந்த எல்லைக்குள் வாதம் நிற்குமா என்று சோதிக்க, பின்னால் வந்த மாற்றங்களைப் பார்க்கலாம். இரண்டாம் உலகப் போருக்குப் பின் எந்திர ரம்பம் இருவர் ரம்பத்தை ஓய்வுபெறச் செய்தது. அதன் இரைச்சலில் பேச்சு எடுபடாது. சாலைகள் வந்ததும் ஆட்கள் வீட்டிலிருந்தே வேலைக்குப் போனார்கள், தங்கும் முகாம்கள் மறைந்தன. கேலி அலுப்பின் குழந்தை என்றால், வீடும் வானொலியும் கிடைத்த பின் அது வற்றியிருக்க வேண்டும். பசிபிக் வடமேற்கில் அது குழுவை ஏற்றிப்போகும் வண்டிக்குள் குடிபெயர்ந்தது. விடியுமுன் காட்டுக்குப் போகும் அந்த நெரிசலான பயணத்தில் யார் எங்கே உட்காருவது என்பதிலிருந்தே சீண்டல் தொடங்கிவிடும். செங்குத்துச் சரிவுகளில் இரும்புவடத்தால் தடிகளை இழுக்கும் குழுக்களில், சுருக்குக் கம்பி மாட்டும் கடைநிலை ஆளின் உயிர் இன்றும் சமிக்ஞை கொடுப்பவரின் கவனத்தில் தொங்குகிறது. அமெரிக்கத் தொழிலாளர் புள்ளிவிவரப்படி அண்மை ஆண்டுகளில் மரவெட்டுத் தொழிலில் ஒரு லட்சம் முழுநேரத் தொழிலாளர்க்குச் சுமார் 100 பேர் வேலையில் இறக்கிறார்கள்; எல்லாத் தொழில்களையும் சேர்த்த விகிதம் நான்கைத் தொடுவதில்லை. சமதரைக் காடுகளிலோ, வெட்டி, கிளை கழித்து, அளந்து துண்டாக்கும் எந்திரத்தின் கண்ணாடி அறைக்குள் ஒருவர் மட்டும் உட்கார்ந்திருக்கிறார். அவருடைய குணம் எப்படி என்று அருகில் யாருக்கும் தெரிந்தாக வேண்டியதில்லை. இல்லாத கருவியைத் தேட அவரை அனுப்பவும் ஆளில்லை.